ரேடியேட்டரில் இரண்டு கைப்பிடி மஞ்சள்

முருகன் துணை

காஜா பேராங்,
மலாக்கா.
18-8-57, ஞாயிறு

அன்பு மகன் ஜெயபாலனுக்கு உன் அம்மா அஞ்சலை ஆசி கூறி எழுதுவது. இங்கே எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, வாயிலும் ஒரு குறையும் இல்லை, அவருக்கு அது என்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. அலோர் ஸ்டாரில் நீயும் சந்திரமதியும், அவள் வயிற்றில் இருக்கும் என் பேரனோ பேத்தியோ அதுவும் சுகமாக இருக்க துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டிருக்கிறேன். பிள்ளை பிறந்த பிறகு நீயும் வந்து உடைக்க வேண்டும், நான் மட்டும் உடைத்தால் பிள்ளையார் ஒத்துக்கொள்ள மாட்டார்.

வழக்கமாக அப்பாதான் எழுதுவார், கடைசியில் உன் தாயாரும் விசாரித்தாள் என்று ஒரே வரியில் என்னை அடக்கிவிடுவார், இந்தத் தடவை நானே பேனாவைப் பிடித்திருக்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்த எழுத்து, கோணலாகத்தான் இருக்கும், நீ ஒன்றும் அதற்கு மார்க் போட வேண்டாம். அவர் செமாபோக்குக்குப் போயிருக்கிறார், திரும்புவதற்குள் எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஏனம்மா இந்தத் திருட்டுத்தனம் என்று நீ கேட்க முடியாது, ஏனென்றால் ஆரம்பித்து வைத்தவன் நீ. அடுத்த வீட்டு ஆஸ்பத்திரி டிரெசர், அந்தக் கட்டுப் போடுகிற பிள்ளை பெயருக்குக் கவர் போட்டு, உள்ளே அம்மாவுக்கு மட்டும் என்று எழுதி அனுப்பினாயே, அதைச் சொல்கிறேன். அந்த மனுஷர் செட்டிக் கம்பத்துக்காரர், மலாய் பேசியே வளர்ந்தவர், தமிழில் ஒரு எழுத்துப் படிக்கத் தெரியாது, அந்த வகையில் நீ புத்திசாலிதான். ஆனால் கவரைக் கொடுக்கும்போது அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு யாரோ காதல் கடிதம் போட்டதாக நினைத்திருப்பார். நீ எழுதியிருந்தது நினைவிருக்கும். இந்த உழவில் டிராக்டர் ஒரு தடவை கொதித்தால் அப்பா வாக்குக் கொடுத்தபடி அதை விற்றுவிடுவார், வாங்க ஆள் பார்த்து வைத்திருக்கிறேன், நீங்கள் இருவரும் இங்கேயே வந்துவிடலாம், சர்க்கார் கொடுத்த கோட்டர்ஸ் வீட்டில் குழாய்த் தண்ணீர் இருக்கிறது, சந்திரமதி தாய் இல்லாத பெண், பிரசவத்துக்கு நீங்கள்தான் வேண்டும், ஆகவே அப்பா பேச்சு மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதில்தான் இது. கொஞ்சம் நீளமான பதில், வெற்றிலை போடுகிறவனாக இருந்தால் போட்டுக்கொண்டு உட்காரு, அந்தச் சிகரெட்டைப் பற்ற வைக்காதே.

முதலில் பந்தயத்தைச் சொல்லிவிடுகிறேன், உனக்கு அது ஒரு மாதிரி நினைவிருக்கும், அவருக்கு வேறு மாதிரி, நடுவில் நின்று இரண்டு பேருக்கும் பொங்கல் பரிமாறியவள் நான். தைப் பொங்கலுக்கு வந்தவன் நீ சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய், அப்பா, இந்த டிராக்டர் வெள்ளைக்காரன் குளிர் தேசத்துக்கு என்று செய்தது, தண்ணீரைத் தள்ளிவிட அதில் பம்பே கிடையாது, சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி ரேடியேட்டருக்குப் போக வேண்டும், ஆறிய தண்ணீர் தானாகக் கீழே இறங்க வேண்டும், நம் ஊர் வெயிலில் அது எப்படித் தாங்கும், தூக்கிப் போடுங்கள் என்றாய். நீ சொன்னது உண்மைதான். பன்னிரண்டு வருஷமாக நானும்தான் பார்க்கிறேன், அரை மணி உழுதால் கால் மணி கொதிக்கும், அவர் ஓரமாக நிறுத்தி விட்டு அதன் பிறப்பு, வளர்ப்பு, அதைச் செய்தவன் குடும்பம் எல்லாவற்றையும் விசாரிப்பார், அது ஆறும், பிறகு உழுவார். ஆனால் உண்மையாக இருந்தாலும் சாப்பாட்டில் கை வைத்திருக்கிற மனுஷனிடம் சொல்கிற பேச்சா அது. தோட்டத்தில் லாலான் புல் மூடிக் கிடந்ததை, துரை கழித்துக் கட்டியதை, இவர் ஒருத்தர்தான் இதற்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். உனக்கு அது பழைய இரும்பு. அவர் இலையை விட்டு எழுந்து, "இவன் ஸ்பேனர் புடிச்சி மூணு வருசம் ஆகல, எனக்கு டிராக்டர் சொல்லிக் குடுக்குறான்! பம்பு தானே இல்ல? நான் போடுறேன் பம்பு. ஹாஜி உமர் வயல்ல அது ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கொதிச்சிடுச்சின்னா அன்னைக்கே வித்துட்டு உன் கோட்டர்ஸ்ல வந்து குந்திக்கிறேன், போதுமா?" என்று கத்தினார். நீயும் விடவில்லை, கையில் அடித்துக் கொடுங்கள் என்றாய். பாயசம் ஒட்டியிருந்த கையோடு அடித்துக் கொடுத்தார். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாய், வேறு என்ன சொல்ல.

நீ ரயில் ஏறிய மறுநாளே அவர் செமாபோக் ஆ சூன் பட்டறைக்குப் போய்விட்டார். ஆ சூனைத் தெரியுமல்லவா, உடைந்த லாரிகளைக் குவித்து வைத்திருக்கும் சீனர், அவர் மலாயில் திட்டுவார், இவர் தமிழில் திட்டுவார், இரண்டு பேருக்கும் நல்ல சிநேகம். அங்கே ஏதோ ஒரு செத்துப்போன லாரியின் தண்ணீர்ப் பம்பு, அதே லாரியின் ரேடியேட்டர், காற்றாடி, பெல்ட் எல்லாவற்றையும் பொறுக்கி வந்து வாசலில் பரப்பி வைத்தார். பழைய ரேடியேட்டரின் குழாயில் என் சுண்டுவிரல் நுழையும், இந்தப் புதியதில் தீக்குச்சி நுழையாது, ஆனால் குழாய்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, மெல்லிசாக இருந்தால்தான் காற்றுப் பட்டுச் சீக்கிரம் ஆறுமாம், எனக்கே பாடம் நடத்தினார். சரி, பம்பை எஞ்சினில் பொருத்த ஒரு கெட்டியான இரும்பு வேண்டும் என்று வீடு முழுக்கத் தேடினார். நீ படுத்திருந்த இரும்புக் கட்டில் இருந்ததே, இருந்தது. இப்போது அதற்கு மூன்று கால். வேண்டுமென்றேதான் உன் கட்டிலை அறுத்தார், என் கட்டிலும் அங்கேதான் கிடந்தது. நீ அடுத்த தடவை வந்தால் பாயில்தான் படுக்கை, டிராக்டரைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்.

அதோடு விட்டாரா. தெர்மாஸ்டாட் என்று ஒன்று, பித்தளையில் சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கிறது, தண்ணீர் சூடானால் அது வாய் திறந்து வழி விட வேண்டுமாம், லாரியோடு அதுவும் செத்ததா உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க என் பால் சட்டியில் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டார். எத்தனை சூட்டில் திறக்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா, டிரெசர் பிள்ளையிடம் போய் ஆஸ்பத்திரித் தெர்மாமீட்டரைக் கேட்டிருக்கிறார், எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி. அந்த நல்ல மனுஷர் கூடவே ஓடி வந்தார், வந்து பார்த்தால் காய்ச்சல்காரி அடுப்படியில் நிற்கிறேன், இவர் தெர்மாமீட்டரைக் கொதிக்கிற சட்டிக்குள் விடுகிறார். அது மனுஷன் காய்ச்சலுக்குச் செய்தது, டிராக்டர் காய்ச்சலுக்கு எப்படித் தாங்கும், பட்டென்று வெடித்தது. பாதரசம் முத்து முத்தாக அடுப்படி முழுக்க ஓடுகிறது, பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டு மலாயில் என்னவோ அழுகிறார், உன் அப்பா மட்டும் சட்டியைப் பார்த்து, "தொறந்துடுச்சி, தொறந்துடுச்சி, உசுரோட தாண்டி இருக்குது!" என்று குதிக்கிறார். அந்தச் சட்டியைக் கொண்டுபோய் ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். கையோடு அவரையும் உள்ளே தள்ளியிருக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது.

ஆறு மாதம் இப்படியே ஓடியது. ஆனி மாதக் கடைசியில் எல்லாம் மாட்டி முடித்து ஓட்டிப் பார்த்தார். மகனே, உள்ளதைச் சொல்ல வேண்டும், அது கொதிக்கவில்லை. செமாபோக் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது, ரேடியேட்டர் மேல் கையை வைத்து என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார், வெதுவெதுவென்று இருந்தது, அவ்வளவுதான். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மாப்பிள்ளையாக வந்தபோதுகூட அந்த முகம் அப்படி இருந்ததில்லை. எனக்கோ வேறு கவலை. இது கொதிக்காவிட்டால் நான் அலோர் ஸ்டார் வரப்போவதில்லை, பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டப் போவதில்லை, தண்ணீருக்குக் காலமெல்லாம் தெருக் குழாயில் நிற்க வேண்டியதுதான். அவர் பக்கம் நின்று கை தட்டினேன், மனசு உன் பக்கம் நின்றது. உனக்கு நான் மறைக்கவில்லை, அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

ஆடிப் பட்டம் தேடி விதை என்பது நம் ஆட்களுக்கு மட்டும் இல்லை, புக்கிட் காதிலிலும் அந்தக் கணக்குத்தான் ஓடுகிறது. அங்கே வயல் வைத்திருக்கும் ஹாஜி உமர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு முன்னால் உழவு முடிய வேண்டும், முப்பத்தொன்றாம் தேதி எங்கள் கம்பத்து ஊரில் ஒருத்தனும் வயலில் கால் வைக்க மாட்டான், எல்லாரும் ஊர்வலம் பார்க்கப் பாடாங் மைதானத்துக்குப் போகிறார்கள், உன் மெஷின் படுத்தால் சொல்லிவிடு, சீன முதலாளி, ஒரு தவுக்கே, புது டிராக்டர் வைத்துக்கொண்டு நிற்கிறான், அவனைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றார். அப்பாவும் மார்பைத் தட்டிவிட்டு வந்தார். ஐந்தாம் தேதி திங்கட்கிழமை நாள் நன்றாக இருந்தது. டிராக்டருக்குக் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி முடித்து, அவர் மண்ணெண்ணெய் டின்னை எடுக்கப் பின்னால் போனார். அப்போதுதான் நான் பார்த்தேன், அந்தப் புதுப் பம்பின் அடியில் தண்ணீர் சொட்டுகிறது. ஒரு சொட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு.

இங்கேதான் நீ நன்றாகப் படிக்க வேண்டும். தோட்டத்தில் லாரிக்காரர்கள் எல்லாரும் செய்கிற வைத்தியம் உனக்கே தெரியும், ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடுவார்கள், அது ஊறிப் போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பழைய ரேடியேட்டருக்கு நான் போட்ட மஞ்சளில் ஒரு ஊருக்கே குழம்பு வைத்திருக்கலாம். அவர் கேட்கக்கூட மாட்டார், ஒழுகினால் நான் போடுவேன், ஆடு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரி அது என் வேலை. சொட்டைப் பார்த்தேன், உள்ளே போனேன், மஞ்சள் டப்பாவை எடுத்தேன், ரேடியேட்டர் மூடியைத் திறந்து இரண்டு கைப்பிடி கொட்டினேன், மூடினேன், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். நான் ஒன்றும் நினைக்கவே இல்லை. அந்தப் பம்பு அப்படி ஒன்றிரண்டு சொட்டு விடத்தான் செய்யும், அது நோய் இல்லை என்று ஆ சூன் அவரிடம் சொல்லியிருந்தாராம். என்னிடம் யார் சொன்னார்கள். தீக்குச்சி நுழையாத குழாயில் மஞ்சள் என்ன ஆகும் என்று யோசிக்க நான் என்ன உன் மாதிரி டெக்னிக்கல் படித்தவளா.

மத்தியானச் சோறு எடுத்துக்கொண்டு நான் பஸ்ஸில் போய் வயல் வரப்பில் இறங்கும்போது அவர் நான்காவது சுற்று உழுதுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். ஹாஜி உமர், அவர் தம்பிகள், கம்பத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் நிழலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஐந்தாவது சுற்றில் பாதி வந்திருப்பார், மூடியைத் தள்ளிக்கொண்டு புஸ்ஸென்று ஆவி கிளம்பியது பார், ஆள் உயரம் இல்லை, தென்னை மரம் உயரம். டிராக்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. ஜெயபாலா, என் வாயால் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாத்திரம் பண்டத்தைக்கூட மனசுக்குள் கட்டத் தொடங்கிவிட்டேன், சந்திரமதிக்குப் பத்திய மருந்து இடிக்க உரலை எடுத்துப் போவதா அங்கே வாங்குவதா என்று அந்த அளவுக்கு.

பிறகு உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் இறங்கினார். நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தேன், அவர் ஆரம்பிக்கப் போகிற வசவு அப்படி. அவர் திட்டவில்லை. தலைத் துண்டை அவிழ்த்தார், சேற்றிலேயே நின்றுகொண்டு அந்த எஞ்சினைப் பார்த்தார், தான் பொருத்திய பம்பைத் தொட்டுப் பார்த்தார், கை சுட்டிருக்கும், எடுக்கவில்லை. முப்பத்தைந்து வருஷமாக அந்த மனுஷனோடு குடித்தனம் பண்ணுகிறேன், அவர் வாய் மூடி நின்று நான் பார்த்ததே இல்லை, அவருடைய அம்மா செத்தபோதுகூட எமனைத் திட்டிக்கொண்டுதான் கொள்ளி வைத்தார். மெல்ல வரப்புக்கு வந்து, "எங்கியோ தப்பா மாட்டிட்டேன் போல அஞ்சல. அவன் சொன்னது சரிதான். வெள்ளக்காரனே ஊர விட்டுப் போறான், அவன் போட்ட டிராக்டர நான் ஏன் புடிச்சித் தொங்கணும். எழுதிப் போட்டுடுவோம்" என்றார். ஹாஜியிடம் போய் அந்தத் தவுக்கேயைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டார். எனக்குக் காலில் இருந்த சேறு நெஞ்சுக்கு ஏறிவிட்டது மாதிரி இருந்தது. நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஹாஜி உமர்தான் டிராக்டர் பக்கத்தில் போனார். மூடி பறந்த வாயிலிருந்து மஞ்சள் மஞ்சளாக நுரை வழிந்து பானெட்டெல்லாம் ஓடுகிறது, அவர் விரலால் தொட்டு மோந்து பார்த்துவிட்டு, "ஆப்பா இனி, சாமி? மாசாக் காரி கா?" என்று கேட்டார், என்ன சாமி இது, கறி சமைக்கிறாயா என்று. கம்பத்து ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உன் அப்பா சிரிக்கவில்லை, அவர் மஞ்சளைப் பார்த்தார், பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பேசாமல் இருந்திருக்கலாம், ஆ சூன் ரேடியேட்டருக்குள் பழைய மஞ்சள் கிடந்திருக்கும் என்று ஏதாவது ஒரு கதை விட்டிருக்கலாம், அவரும் நம்பியிருப்பார், உன் பந்தயமும் நின்றிருக்கும். முடியவில்லை. நான்தாங்க, காலையிலே சொட்டுச்சி, ரெண்டு கைப்பிடி போட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் ஆரம்பித்தார் பார். வயல், வரப்பு, வானம் எல்லாம் அதிர்ந்தது. என்னை, என் அப்பனை, என் பாட்டனை, மஞ்சளை விளைவித்தவனை, அதை அரைத்த மில்லை, ஒருவரையும் விடவில்லை. தமிழ் தெரியாத ஹாஜியே காதைப் பொத்திக்கொண்டார். நான் வரப்பில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தேன். அவருக்குக் குரல் திரும்பி வந்துவிட்டது, எனக்கு அது போதும் என்றிருந்தது.

மற்றதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஹாஜி, தவுக்கேயைக் கூப்பிடவில்லை, இரண்டு நாள் தருகிறேன், கறியைக் கழுவிக்கொண்டு வா என்றார். ரேடியேட்டரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தோம். அவர் கம்பியை விட்டுக் குத்தப் போனார், நான் தடுத்தேன், குழாய் கிழிந்துபோகும். பித்தளைக் குடத்தில் பிடித்த கறையைப் புளி போடாமல் யாராவது கம்பியால் சுரண்டுவார்களா. அரைக் கட்டிப் புளியைக் கரைத்து, சுடச்சுட ஊற்றி ஊற வைத்து, தெருக் குழாயில் ரப்பர் குழாயை மாட்டிக் கீழ்ப் பக்கம் இருந்து தண்ணீரை எதிராக அடித்தோம். முதலில் மஞ்சளாக வந்தது, பிறகு பழுப்பாக வந்தது, பிறகு கட்டி கட்டியாக என் இரண்டு கைப்பிடியும் அப்படியே வந்து விழுந்தது. வரிசையில் குடத்தோடு நின்ற பெண்கள் என்னைத் திட்டிய திட்டு தனி. அந்த வியாழக்கிழமையே திரும்ப மாட்டி வயலில் இறக்கினார். நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்னால் கடைசிச் சுற்று முடிந்தது. ஒன்பது நாளில் ஒரு தடவைகூட, அரைத் தடவைகூடக் கொதிக்கவில்லை. அவர் பம்பை ஒழுங்காகத்தான் மாட்டியிருந்தார், மகனே. உன் கட்டில் கால் நன்றாகத் தாங்குகிறது.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதமே எழுத வேண்டியதில்லை. முடியவில்லை, ஏனென்றால் உன் அப்பா அப்பாசாமி. கொதிச்சது கொதிச்சதுதான் என்கிறார். மஞ்சளால் கொதித்தால் அது கணக்கில் வராது என்று நான் சொன்னேன், ஹாஜியும் சொன்னார், ஆ சூன்கூடச் சொன்னார். "பந்தயத்துல மஞ்சள்னு சொன்னோமா, புளின்னு சொன்னோமா? கொதிக்கக் கூடாதுன்னு சொன்னேன், கொதிச்சிடுச்சி. பெத்த புள்ள கையில அடிச்சிக் குடுத்துட்டுப் பேச்ச மாத்துனா நான் என்ன ஆம்பள" என்று கேட்கிறார். முந்தாநாள் சாயங்காலமே உனக்கு ஒரு கார்டு எழுதினார். போடுவதற்கு முன்னால் நான் படித்துவிட்டேன், சட்டைப் பையில் இருந்தால் துவைக்கிறவள் படிக்கத்தான் செய்வாள். மூன்றே வரி. டிராக்டர் ஹாஜி வயலில் கொதித்தது, நீ ஜெயித்தாய், வாங்குகிற ஆள் இருந்தால் எழுது என்று இருந்தது. உனக்கு இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே அது கிடைத்திருக்கும். அதில் மஞ்சள் இல்லை, பார்த்தாயா. என் பெயரே இல்லை. அன்றைக்கு வயலில் ஆரம்பித்தவர் நேற்றுச் சோறு தின்கிற வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டிருந்த மனுஷர், உன்னிடம் மட்டும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. தான் தோற்றதாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துவிட்டார். இப்போது செமாபோக்குக்குப் போயிருப்பதும் அதற்குத்தான், விற்பதற்கு முன்னால் பிரேக்கைச் சரி பண்ணிக் கொடுக்க வேண்டுமாம், வாங்குகிறவன் ஏமாறக் கூடாதாம்.

ஆகவே உன் கடிதத்துக்கு என் பதில் இதுதான், நாங்கள் வரவில்லை. சந்திரமதிக்குச் சொல், ஐப்பசி முதல் வாரம் நான் வருகிறேன், அவளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து, பிள்ளையைக் கையில் வாங்கி, மூன்று மாதம் குளிப்பாட்டி, உனக்கும் வாய் நிறையத் திட்டுப் போட்டுவிட்டுத் திரும்பி வருவேன். வீட்டோடு வந்து இருக்க முடியாது. அவரை உன் கோட்டர்ஸில் உட்கார வைத்தால் முதல் வாரம் உன் குழாயைக் கழற்றுவார், இரண்டாம் வாரம் சர்க்கார் மின்விசிறியைக் கழற்றுவார், மூன்றாம் வாரம் கழற்ற ஒன்றும் இல்லாமல் அன்றைக்கு வயலில் நின்றாரே, அப்படி நிற்பார். அதை நான் ஒரு தடவை பார்த்துவிட்டேன், இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியாது. நான் தெருக் குழாயிலேயே வரிசையில் நின்றுகொள்கிறேன். மெர்டேக்கா அன்றைக்கு ஹாஜி கம்பத்துப் பிள்ளைகளை எல்லாம் டிராக்டரின் பின்னால் பெட்டியில் ஏற்றிக்கொண்டு பாடாங்குக்கு இழுத்து வரச் சொல்லியிருக்கிறார், ஊர்வலத்தில் நத்தை வேகத்தில் போக வேண்டும், அந்த வேகத்தில்தான் எஞ்சின் அதிகமாகச் சூடாகுமாம். விற்கப் போகிறேன் என்று சொல்கிற மனுஷர், அதற்காக நேற்றிலிருந்து காற்றாடிக்குத் தகரத்தில் மறைப்பு வெட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்தக் கடிதம் வந்ததாகவே காட்டிக்கொள்ளாதே. அவர் கார்டுக்கு மட்டும் பதில் எழுது. மஞ்சளைப் பற்றி மூச்சு விடாதே. அப்பா, புதுப் பம்பு போட்டால் முதல் நாள் உள்ளே காற்று அடைத்துக்கொண்டு எந்த எஞ்சினும் கொதிக்கும், எங்கள் வொர்க்ஷாப்பில் புது எஞ்சினே கொதிக்கிறது, அது பந்தயத்தில் சேராது, அதற்குப் பிறகு எத்தனை நாள் கொதிக்காமல் உழுதீர்கள் என்று எழுதுங்கள் என்று கேள். அவர் ஒன்பது நாள் என்று எழுதுவார். அப்படியானால் தோற்றது நான்தான் என்று எழுதிவிடு. அப்படி ஒரு காற்று உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது, நீதான் படித்தவன், உண்டு என்று எழுது, சர்க்கார் உன்னைப் படிக்க வைத்தது அதற்காவது உதவட்டும். உனக்கு ரோஷம் வரும், நீ சொன்னதுதானே சரி என்று தோன்றும். சரிதான், இருக்கட்டும், தோற்றுக் கொடு. சின்ன வயதில் நீ அவரோடு விளையாடிய விளையாட்டில் எல்லாம் நீயே ஜெயித்தாய், அவருக்கு விளையாடத் தெரியாது என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

சந்திரமதி அன்னாசிப்பழம், பப்பாளிக்காய் பக்கமே போக வேண்டாம், ஆஸ்பத்திரியில் கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரையைத் துப்பாமல் விழுங்கச் சொல். உனக்கு இடித்த மிளகாய்த் தூளும் கருவாடும் அடுத்த மாதம் ஆள் வசம் அனுப்புகிறேன், மஞ்சள் தூள் அனுப்பவில்லை, டப்பாவை அவர் பூட்டி வைத்திருக்கிறார். நீங்கள் இருவரும் நூறு வயது நோய் நொடி இல்லாமல் வாழ்ந்து, பிள்ளை குட்டிகளோடு வாசல் நிறைய நிற்க வேண்டும் என்று இங்கிருந்தே தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்கிறேன். படித்து முடித்ததும் இதைக் கிழித்து அடுப்பில் போட மறக்காதே. அவருக்கு எழுத மட்டும் தாமதிக்காதே, நேற்றே தபால்காரன் மணி கேட்டதும் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார்.

இப்படிக்கு,
உன் பந்தயத்தில் மஞ்சள் போட்ட அம்மா,
அ. அஞ்சலை